சிவப்புடல் அழகி குருந்துச் செடியில் முட்டை வைக்குமா?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாகப் பட்டாம்பூச்சிகளைப் படம் எடுத்துக் கணக்கு வைத்து வருகிறேன். பெரும்பாலும் கல்லாறு பக்கம், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஓடையை ஒட்டிய காட்டில். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒரு விஷயம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, அதனால் கேட்கிறேன்.

காலை ஒன்பதரை மணி இருக்கும். கிரிம்சன் ரோஸ் என்கிற சிவப்புடல் அழகி ஒன்று தாழ்வாகப் பறந்து வந்தது. கறுப்பு இறக்கை, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டைகள், பின்னிறக்கையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள், வால். நூறு தடவை பார்த்த பூச்சி, சந்தேகமே வரவில்லை. அது ஒரு குருந்துச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு தளிரிலும் உட்காருவதும் முன்கால்களால் படபடவென்று தட்டிப் பார்ப்பதும் எழுந்து போவதுமாக இருந்தது. நாலைந்து தளிருக்குப் பிறகு ஒன்றில் நின்றது, இறக்கையை அடித்துக்கொண்டே வயிற்றை வளைத்தது, அப்புறம் போய்விட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் தளிர் இலையின் விளிம்பில் ஒரே ஒரு முட்டை. கடுகளவு, வெளிர் மஞ்சள், வழவழவென்று உருண்டை.

நான் தெரிந்துகொண்டவரை சிவப்புடல் அழகியின் புழு ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை மாதிரி கொடிகளைத்தான் தின்னும். குருந்து எலுமிச்சைக் குடும்பம். பூச்சி செடியை மாற்றிக்கொள்ளுமா, இல்லை தடுமாறிப் போய்த் தவறான செடியில் வைத்துவிட்டதா? அந்த முட்டையிலிருந்து வரும் புழு பட்டினியாகச் செத்துப்போகுமோ என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. எதிர்வெயிலில் எடுத்ததால் படம் நிழலுருவமாகத்தான் வந்திருக்கிறது, மன்னிக்கவும்.

இலையடி எழுதியது:

படத்தை விடுங்கள், நேரில் பார்த்ததை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். உடம்பு என்ன நிறம்? இறக்கையைக் கேட்கவில்லை, தலை, மார்பு, வயிறு.

ஓடைக்கரை எழுதியது:

வயிற்றை வளைத்தபோது நன்றாகவே பார்த்தேன். கறுப்பு. சிவப்பு எங்கேயும் இல்லை.

இலையடி எழுதியது:

அப்படியானால் நீங்கள் பார்த்தது சிவப்புடல் அழகியே இல்லை. கறிவேப்பிலை அழகியின் பெண். காமன் மார்மன் என்று சொல்வார்களே, அதுதான். முட்டை சரியான இடத்தில்தான் இருக்கிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, குருந்து, வில்வம் என்று அந்தக் குடும்பமே அதன் புழுவுக்குச் சாப்பாடு. புழுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தமிழில் வைத்த பெயரிலேயே விடை இருக்கிறது பாருங்கள். சிவப்புடல். அதன் தலையும் வயிறும் ரத்தச் சிவப்பு. கறிவேப்பிலை அழகியின் பெண் இறக்கையை அப்படியே எழுதி எடுத்திருக்கிறது, உடம்பை மட்டும் எழுதவில்லை. இறக்கையின் சிவப்பும் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயில், வயது, இறக்கைத் தேய்மானம் எல்லாம் நிறத்தை மாற்றிவிடும். உடம்பு மாறாது.

இந்த இனத்தில் பெண்கள் நம் பக்கத்தில் மூன்று வடிவங்களில் இருக்கின்றன. முதல் வகை ஆண் மாதிரியே இருக்கும், கறுப்பில் பின்னிறக்கையின் குறுக்கே ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை. இரண்டாவது வகை காமன் ரோஸ் என்கிற ரோஜா அழகியைப் போல, பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டோடு இருக்கும். மூன்றாவது நீங்கள் பார்த்தது, சிவப்புடல் அழகியைப் போல. மூன்றும் ஒரே வகை ஆணோடுதான் சேரும், ஒரே செடியில்தான் முட்டை வைக்கும். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு வடிவப் பெண்கள் வருவதும் உண்டு.

எதற்காக இந்த வேடம் என்றால், அந்த இரண்டு ரோஸ்களும் விஷம். ஈஸ்வரமூலி வகைக் கொடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, புழு பட்டாம்பூச்சி ஆன பிறகும் அது உடம்பிலேயே இருக்கிறது. ஆடுதின்னாப்பாளை என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். கிடைத்ததையெல்லாம் மேயும் ஆடே தொடாத செடி என்று நம் ஆட்கள் எப்போதோ கவனித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆடு ஒதுக்குகிற அந்த வகைச் செடியைத் தின்று வளர்ந்த பூச்சியைக் குருவி ஒருமுறை கொத்தினால் மறுமுறை அந்தப் பக்கம் வராது. விஷமே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்த நினைவின் மறைவில் பிழைக்கிறது.

உங்கள் தவறு பெரிய தவறு இல்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸே 1758-ல் இதன் ஆணையும் வேடமிட்ட பெண்ணையும் தனித்தனி இனங்களாக எண்ணி இரண்டு பெயர் கொடுத்திருந்தார். வாலஸ் என்ற இயற்கையியலாளர் மலாய் தீவுகளில் சேகரித்ததை வைத்து 1865-ல் எழுதிய பிறகுதான், ஓர் இனத்துக்குள்ளேயே இத்தனை விதப் பெண்கள் இருக்க முடியும் என்பது அறிவியல் உலகத்தில் தெளிவானது.

ஈரமண் எழுதியது:

இலையடி சொன்னது சரி. இன்னொன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஓடைக்கரை போகிற மாதிரியான காட்டில் இது ஒன்று மட்டும் ஏமாற்றுவதில்லை.

காமன் க்ரோ தெரியும் இல்லையா, கரும்பழுப்பில் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்த பூச்சி, எங்கே பார்த்தாலும் இருக்கும். அதுவும் பறவைகள் வெறுக்கும் பூச்சி. அதைப் போல வேடம் போடுகிறவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று காமன் மைம். மற்றொன்று மலபார் ரேவன், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1880-ல்தான் அறிவியல் பெயர் பெற்றது. இரண்டுமே கறிவேப்பிலை அழகியின் நெருங்கிய சொந்தம், அதே பாப்பிலியோ பேரினம். இவற்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வேடம் போடும்.

நான் முதல் ரேவனைக் கண்டுபிடித்தது இறக்கையைப் பார்த்து இல்லை. ஓடை மணலில் ஏழெட்டுப் பூச்சிகள் ஈரம் உறிஞ்சிக்கொண்டிருந்தன. வயிற்றுப்புறமாகப் படுத்துக்கொண்டு ஒரு முழ தூரத்தில் கேமராவை வைத்திருந்தேன். "க்ரோ" என்று நினைத்த ஒன்று மணலில் நடந்து இரண்டு அடி எடுத்து வைத்தது. ஆறு கால். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு, ஆறும் மணலில் ஊன்றி இருந்தன. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஏனென்றால் க்ரோ, டைகர் எல்லாம் வரியன் குடும்பம். அவற்றுக்கு முன்கால் இரண்டும் குறுகிப்போய் மார்போடு ஒட்டி மடங்கி இருக்கும், நிற்பதும் நடப்பதும் நாலு காலில்தான். ஆறு காலில் நிற்கிற க்ரோ என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

இது தெரிந்த பிறகு மற்றதும் கண்ணில் படத் தொடங்கியது. க்ரோவின் தலையிலும் மார்பிலும் பொடி வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும். காய்ந்துபோன தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும் க்ரோவும் டைகரும் மொய்த்துக்கொண்டு கிடக்கும், அந்தச் செடிகளின் கசப்புச் சத்தை ஆண் பூச்சிகள் உறிஞ்சி எடுத்துக்கொள்கின்றன. வேடம் போட்டவை அங்கே வராது, அவற்றுக்கு அதில் வேலை இல்லை. மைமா ரேவனா என்று குழம்பினால் பின்னிறக்கையின் அடிப்புற ஓரத்தைப் பாருங்கள், மஞ்சள் பொட்டுகள் இருந்தால் மைம்.

அப்புறம் ஒன்று, பூச்சியைத் திடுக்கிட வையுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் தானாகத் திடுக்கிடும்போது கவனியுங்கள். அதுவரை க்ரோ மாதிரி மிதந்து மிதந்து போனது, நிழல் விழுந்த நொடியில் அம்பு மாதிரி பாயும். உண்மையான க்ரோவுக்கு அவசரமே கிடையாது. தன்னை யாரும் தின்ன மாட்டார்கள் என்பது போலவே அது பறக்கும்.

தும்பைக்காடு எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. கறிவேப்பிலை அழகியில் பெண் மட்டும் ஏன்? விஷப்பூச்சி மாதிரி தெரிவது அவ்வளவு நல்லது என்றால் ஆணும் அப்படி இருந்திருக்கலாமே. எல்லாப் பெண்களும்கூட இல்லை, ஒரு பங்கு பெண்கள் ஆண் மாதிரியே இருக்கின்றன என்கிறீர்கள். ஏழெட்டு வருடமாக வீட்டுக் கறிவேப்பிலையில் புழு பார்த்து வருகிறேன், இன்று வரை இது புரிந்ததில்லை. அந்தப் பூச்சியே பார்த்துப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வது போலவும் சிலர் எழுதுகிறார்கள், அது எப்படி?

இலையடி எழுதியது:

கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூச்சி எதையும் பார்த்து மாற்றிக்கொள்வதில்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போது என்ன இறக்கையோ அதுதான் சாகும்வரை. எப்போதோ ஒரு தலைமுறையில் தற்செயலாகக் கொஞ்சம் ரோஸ் சாயலோடு பிறந்ததைக் குருவிகள் கொஞ்சம் குறைவாகக் கொத்தின. அதன் பெண்பிள்ளைகள் கொஞ்சம் அதிகமாக மிஞ்சின. அவற்றிலும் இன்னும் நன்றாகப் பொருந்தியது இன்னும் மிஞ்சியது. வடிவமைத்தது குருவியின் கண்தான். 1862-ல் பேட்ஸ் இதைத்தான் எழுதினார். அமேசான் காடுகளில் பதினோரு வருடம் பூச்சி பிடித்தவர். அங்கே பறவைகள் தொடாத பூச்சிகளின் கூட்டத்தோடு வேறு குடும்பத்துப் பூச்சி ஒன்று அதே உடையில் கலந்து பறப்பதை வலையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். டார்வினின் கருத்து வெளிவந்து மூன்றே வருடம் ஆகியிருந்த நேரம், அதற்கு இதைவிட நல்ல சான்று அன்று கையில் இல்லை.

சரி, பெண் மட்டும் ஏன்? இதில் ஒரே பதில் என்று இல்லை. எனக்கு நம்பிக்கை தருகிற பதில் உங்கள் கறிவேப்பிலைச் செடியிலேயே இருக்கிறது. பெண் வயிறு நிறைய முட்டையோடு பறக்கிறது, கனம். செடி செடியாக இறங்கித் தளிரைத் தட்டிப் பார்க்க வேண்டும், அதனால் வேகமாகவும் நேராகவும் பறக்க முடியாது. ஆண் தாறுமாறாகத் திரும்பித் திரும்பிப் பறந்து தப்பிவிடும். இறக்கையில் அலகு பதிந்த கிழிசல்களை எண்ணிப் பார்த்த ஆய்வுகள் உண்டு, விஷமில்லாத இனங்களில் பெண்களின் மீதுதான் கொத்து அதிகம் என்று அவை காட்டின. ஆபத்து அதிகம் உள்ள பக்கம் வேடத்தின் பலனும் அதிகம். ஆண் பழைய உடையிலேயே இருந்தால்தான் பெண் அதைச் சேர்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

எல்லாப் பெண்களும் ஏன் இல்லை என்பதற்கு எண்ணிக்கை முக்கியம். போலி அதிகமானால் குருவி முதலில் கொத்துவதே போலியாக இருக்கும், ருசியாக இருக்கும், அப்போது அந்தச் சிவப்பு அதற்குச் சாப்பாட்டு அடையாளமாகிவிடும். அசல் நிறைய, போலி குறைவு என்று இருக்கிற வரைதான் இது ஓடும். ஒரு வேடத்தில் கூட்டம் கூடினால் இன்னொரு வேடத்துக்கோ, வேடமே இல்லாத வடிவத்துக்கோ மதிப்பு ஏறும். சிவப்புடல் அழகி முக்கியமாக இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற பூச்சி, அதைப் போன்ற வடிவமும் அந்த நிலப்பரப்பில்தான் இருக்கிறது. கிழக்கே போகப் போக அசல் இல்லாத ஊரில் இந்த நகலும் இல்லை.

தும்பைக்காடு எழுதியது:

கனமாகப் பறப்பது என்று சொன்னவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. என் செடிக்கு வருகிற பெண் எப்போதும் இறங்கி இறங்கித்தான் பறக்கும். ஆணை நான் செடியருகே நிற்கவே பார்த்ததில்லை.

ஆனால் இறக்கைப் பட்டை, பொட்டு, வெள்ளைத் திட்டு எல்லாம் சேர்ந்து ஒட்டுமொத்தமாகப் பிள்ளைக்குப் போவது எப்படி? பாதி இதிலும் பாதி அதிலுமாக ஒரு கலப்படம் ஏன் வருவதில்லை? அப்படி வந்தால் எந்தக் குருவியையும் ஏமாற்ற முடியாதே.

இலையடி எழுதியது:

நூறு வருடத்துக்கு முன்பே விஞ்ஞானிகளைக் குடைந்த கேள்வி இது. 1910-களில் ஃப்ரையர் என்பவர் இலங்கையில் இதே பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மகள் என்று கணக்கெடுத்தார். மூன்று வடிவங்களும் கலக்காமல் தெளிவாகப் பிரிந்து வந்தன. அதைவிட ஆச்சரியம், வேடத்தின் மரபுக்கூறு ஆணிடமும் இருக்கிறது, அதன் இறக்கையில் தெரிவதில்லை, மகளுக்குப் போனதும் வெளியே வருகிறது.

இது பல மரபணுக்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டு ஒரே மூட்டையாகப் போவது என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். 2014-ல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே முதல் ஆசிரியராக இருந்த ஒரு குழு நேச்சர் இதழில் வேறு விடை சொன்னது. டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு. பூச்சிகளில் ஆண் உடலா பெண் உடலா என்று தீர்மானிப்பதில் பங்குள்ள பழைய மரபணு அது. இந்த இனத்தில் அது கூடுதலாக இறக்கை வேலையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. வேடத்துக்கான பிரதியில் அந்தப் பகுதி குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. திரும்பிய துண்டும் திரும்பாத துண்டும் தங்களுக்குள் பாகங்களை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் அரைகுறை வேடம் பிறப்பதில்லை. பாலைத் தீர்மானிக்கிற மரபணு என்பதால், பெண்ணில் மட்டும் வெளிப்படுவதும் அதோடு பொருந்துகிறது.

ஒரு நாள் முழுக்க இதைப் பற்றி எழுதச் சொன்னாலும் எழுதுவேன், நிறுத்திக்கொள்கிறேன்.

நீர்க்கடம்பு எழுதியது:

நான் பட்டாம்பூச்சி ஆள் இல்லை, செவிலியர். பிரசவ வார்டில் பல வருடம் வேலை. இந்த இழையைப் படித்ததும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ரத்த வகை நெகட்டிவ் உள்ள தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் ஆன்ட்டி-டி ஊசி போடுவோம். போடாவிட்டால் தாயின் உடம்பு அடுத்த குழந்தையின் ரத்தத்தையே எதிரியாக எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அந்த ஊசியைக் கொண்டுவந்ததில் ஒரு பங்கு லிவர்பூலில் சிரில் கிளார்க் என்ற மருத்துவரின் குழுவுக்கு உண்டு. அவர் ஓய்வு நேரமெல்லாம் வேடம் போடும் பட்டாம்பூச்சிகளை வளர்த்தவர். பிலிப் ஷெப்பர்டு என்ற மரபியலாளரோடு சேர்ந்து, ஆணையும் பெண்ணையும் கையில் பிடித்து இணைசேர்த்து, பிள்ளைகளின் இறக்கையைக் கணக்கெடுத்தவர். அப்போது ஆப்பிரிக்காவின் டார்டனஸ் என்ற பட்டாம்பூச்சி, அப்புறம் நீங்கள் பேசுகிற இதே பூச்சி. பல மரபுக்கூறுகள் ஒன்றாகக் கட்டப்பட்டது போலப் பிள்ளைக்குப் போவதை அந்த இறக்கைகளில் பார்த்தவர், மனிதரில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கிற ஆர்எச் ரத்த வகையும் அப்படித்தான் இருக்கிறதே என்று அந்தப் பக்கம் திரும்பினார். 1960-களில் சோதனைகள் நடந்தன, பத்தாண்டு முடிவதற்குள் ஊசி வந்துவிட்டது. நியூயார்க்கில் இன்னொரு குழுவும் அதே காலத்தில் அதே இடத்துக்குத் தனியாக வந்து சேர்ந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு தாய்க்கு முதல் பிரசவத்தில் இந்த ஊசி போடாமல் விட்டிருந்தார்கள். எங்கே, யார் என்பது வேண்டாம். இரண்டாவது குழந்தையை நாங்கள் கையில் வாங்கியபோது அதன் நிறம் மஞ்சள். மஞ்சள் என்றால் அரைத்த மஞ்சள் மாதிரி. விளக்குக்கு அடியில் வைத்து, ரத்தம் மாற்றி, அது பிழைத்தது. அன்றிலிருந்து அந்த ஊசியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் உள்ளங்கால் ஞாபகம் வரும். எதற்கு இந்தப் பூச்சி ஆராய்ச்சி எல்லாம் என்று கேட்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வது உண்டு.

ஈரமண் எழுதியது:

அக்கா, டார்டனஸ் தெரியும், கிளார்க் பெயரும் கேட்டிருக்கிறேன், ஆனால் இந்த ஊசியோடு சேர்த்து யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதை எழுதியதற்கு ரொம்ப நன்றி.

மற்றவர்களுக்காக டார்டனஸ் பற்றி ஒரு வரி: சஹாராவுக்குத் தெற்கே காடுகளில் இருக்கிறது. ஆண் வெளிர் மஞ்சளில் வாலோடு. பெரும்பாலான இடங்களில் பெண்ணுக்கு வாலே கிடையாது, நம் எருக்கஞ்செடியில் வளர்கிற வெந்தய வரியனைப் போல ஒரு வடிவம், வேறு விஷப்பூச்சிகளைப் போல வேறு வடிவங்கள். 1860-களில் ட்ரைமன் என்ற பூச்சியியலாளர் இவையெல்லாம் ஒரே இனம் என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதியபோது பலரால் நம்ப முடியவில்லை.

ஓடைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாகப் பழைய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்புடல் அழகி என்று நான் குறித்து வைத்தவை மொத்தம் நாற்பத்தொரு படம். இறக்கையைக் கையால் மறைத்துவிட்டு உடம்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொன்றில் உடம்பு கறுப்பு. அவற்றில் ஒன்றை என் கைப்பேசி முகப்பில் ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறேன், அதுவும் கறிவேப்பிலை அழகிதான். தினமும் பார்த்த படம், வயிற்றை மட்டும் பார்க்கவே இல்லை.

இருபத்தாறு உறுதியாகச் சிவப்பு. நாலு படத்தில் இறக்கை உடம்பை மறைக்கிறது, தீர்மானிக்க முடியவில்லை. அவற்றில் இரண்டு ஒரே மாலையில், ஒரே கிளையில் எடுத்தவை, பக்கத்தில் இன்னும் நிறையப் பூச்சிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

நேற்று மறுபடி போனேன். முட்டை இருந்த தளிரில் முட்டை இல்லை, ஓர் இலை தள்ளி மேற்புறத்தில் குருவி எச்சம் மாதிரி ஒன்று. பழுப்பு, நடுவில் வெள்ளைத் தீற்றல், மேலே ஈரப் பளபளப்பு. எச்சம்தான் என்று நகரப் போனவன், இதுவரை படித்ததெல்லாம் ஞாபகம் வந்து நின்றேன். ஐந்து நிமிடம் பார்த்தேன். அசையவில்லை. அப்புறம் ஒரு முனை மெதுவாகத் தூக்கி இலையின் விளிம்பைக் கடித்தது.

தும்பைக்காடு எழுதியது:

அதேதான்! சின்னதாக இருக்கிற வரை எச்சம் மாதிரி, கடைசித் தோல் உரித்ததும் பச்சை, மார்புப் பக்கம் கண் வரைந்தது மாதிரி ஒரு கோலம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவையாக ஒன்றை நீட்டும், காரமான வாடை அடிக்கும். தொடாதீர்கள், இலையைப் பறித்து வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சை அழகியின் புழுவும் சின்ன வயதில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஆனால் நீங்கள் தாயையே பார்த்துவிட்டீர்கள், அதனால் குழப்பம் இல்லை.

இலையடி எழுதியது:

அந்த நாலில் கிளையில் கூட்டமாகத் தொங்கியவை இரண்டும் சிவப்புடல் அழகியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரவுக்குக் கூட்டமாக ஒரே இடத்தில் அடைவது அதன் பழக்கம். ஆனாலும் உடம்பு தெரியாதவரை பெயர் எழுத வேண்டாம். "ரோஸ் அல்லது ரோஸ் போன்ற மார்மன் பெண், உறுதியில்லை" என்று குறித்துப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். பழைய பதினொன்றையும் தேதியோடு திருத்திப் போடுங்கள். உங்கள் ஓடைக்கரையில் அசலும் போலியும் எந்த மாதத்தில் எத்தனை என்று அதிலிருந்தே தெரிய வரும், அந்தக் கணக்கை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

பக்கத்தில் ஈஸ்வரமூலிக் கொடி இருக்கிறதா என்றும் தேடுங்கள். கருஞ்சிவப்பில், உடம்பெல்லாம் சதைமுள் வைத்த புழு இருந்தால் அது ரோஸ். நடுவில் வெள்ளைப் பட்டை இருந்தால் ரோஜா அழகி, இல்லாவிட்டால் சிவப்புடல்.

ஓடைக்கரை எழுதியது:

இன்று திருத்த ஆரம்பித்துவிட்டேன், தேதி, இடம், உடம்பு நிறம் என்று ஒரு புதுக் கட்டமும் சேர்த்திருக்கிறேன். கொடியை ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்த ஞாபகம் இருக்கிறது, வேலியோரம், பாலத்துக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். புழு அதற்குள் பச்சையாகியிருந்தால் அதையும்.